கட்டுகிறவளும் இடிக்கிறவளும்

இயற்பியல் துறை மாணவர்கள் அந்த இரண்டு பேராசிரியைகளுக்கும் வைத்திருந்த பெயர் கட்டுற மேடம், இடிக்கிற மேடம். இருவருக்கும் இது தெரியும். கட்டுகிறவள் காதில் விழாதது போலப் போய்விடுவாள். இடிக்கிறவள் நின்று, யார் கூப்பிட்டது என்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவாள்.

வீட்டில் அவர்கள் அண்ணியும் நாத்தனாரும். அந்த உறவில் இரண்டு பெண்கள் வருடக்கணக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்றால் கேட்கிறவர்கள் முதலில் நம்புவதில்லை. ஆனால் இவர்கள் கதை தலைகீழாக ஆரம்பித்தது. முதலில் சிநேகம், பிறகுதான் சொந்தம். ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது இவர்களுக்கு ஒதுக்கிய அறையின் ஜன்னல் சரியாக மூடாது. குளிர்காலம் வந்ததும் நாத்தனாரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வேலையை மாற்றிக்கொண்டார்கள். பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் சொந்த வீட்டிலேயே இடமில்லாமல் சமையலறை மேடையில் புத்தகத்தை விரித்து நின்றபடி படித்தான். காபி போட்டுக் கொண்டுவருவான். காகிதங்களுக்கு நடுவே கோப்பையை வைக்க இடம் கிடைக்காமல், இருவரில் ஒருத்தி நிமிர்ந்து பார்க்கும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் நாத்தனார் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "எங்கண்ணனைக் கட்டிக்கோயேன். தினமும் நீ வீட்டுக்குப் போய்ட்டு வர்ற நேரம் மிச்சமாகும்."

அண்ணனிடம் கேட்டாயா என்று இவள் கேட்டதற்கு, அவனிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. வேடிக்கையாகச் சொன்னது நிஜமானது. கல்யாணத்துக்குப் பிறகும் மேஜை அதே மேஜைதான். சுவரில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை மட்டும் புதிதாக ஏறியது. நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதே கட்டடத்தில் மாடியில் ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொண்டாள். தூங்குவது மட்டும் மாடியில், மற்றதெல்லாம் கீழே.

அவர்கள் ஆராய்ந்தது புழுத்துளைகளை. பழத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தோலைச் சுற்றிக்கொண்டு போகாமல் நடுவே குடைந்துகொண்டு போகிற புழுவைப் போல, வானத்தில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களைக் குறுக்கே இணைக்கும் வழி. ஈர்ப்பு பற்றிய நமக்குத் தெரிந்த சமன்பாடுகள் அப்படி ஒரு வழி கூடாது என்று சொல்வதில்லை. ஆனால் அதன் நடுவே, குடுவையின் கழுத்து மாதிரி ஒடுங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒளி நுழைந்து மறுபக்கம் போய்ச் சேருவதற்குள் அந்தக் கழுத்து இறுகி மூடிக்கொள்ளும். மூடாமல் தாங்க வேண்டுமென்றால், ஆற்றல் சுழியத்துக்கும் கீழே போய்விட்ட ஒரு விசித்திரப் பொருளை உள்ளே நிரப்ப வேண்டும். அப்படிப்பட்ட பொருளை யாரும் அள்ளிக்கொண்டு வந்து காட்டியதில்லை.

ஆகவே சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். பொருளை ஏன் மாற்ற வேண்டும், விதியைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போமே என்றார்கள். ஈர்ப்பின் சமன்பாட்டிலேயே ஒரு சின்ன உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்தால், வெளியின் வளைவே அந்தக் கழுத்தைத் தாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருப்பது சாதாரணத் தூசியாகவோ வாயுவாகவோ இருந்தாலும் போதும். இயற்கை உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா என்பது இன்னும் யாருக்கும் தெரியாத விஷயம். நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது இந்த இரண்டு பெண்களின் வேலை.

அண்ணி துளைகளைக் கட்டுவாள். கூடுதல் உறுப்பைச் சேர்த்து, சமன்பாட்டைத் தீர்த்து, இதோ ஒரு வழி என்று பலகையில் எழுதுவாள். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒரு தட்டு தட்டிப் பாப்போமா?" என்பாள். லேசாகத் தட்டினால் அதிர்ந்து அடங்குகிறதா, இல்லை அதிர்வு பெருகிப் பெருகி நொறுங்குகிறதா என்று பார்ப்பது அவளுடைய பங்கு. பெரும்பாலும் நொறுங்கும். பல் டாக்டர் தன்னிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் இதைத்தான் சொல்லுவார். "என் பொண்டாட்டி ஓட்டை போடறா, என் தங்கச்சி அது இடியுமான்னு பாக்கறா, நான் அடைக்கிறேன். எங்க குடும்பமே ஓட்டைய நம்பித்தான் ஓடுது." பாவம், அவர்களால் சிரிக்கவும் முடியாது.

அந்த வருடம் அண்ணி கட்டிய துளை முன்பு கட்டிய எதையும் போல இல்லை. உள்ளே விசித்திரப் பொருள் துளிகூட வேண்டியிருக்கவில்லை. வாயிலிருந்து கழுத்து வரை எல்லாம் சாதாரணம். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார்கள். அதைப் படித்துப் பார்த்த நிபுணர், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் இது நிலையாக நிற்குமா என்று காட்டிவிட்டால் நல்லது என்று எழுதியிருந்தார். நாத்தனார் கையைத் தேய்த்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அடுத்த வாரம் வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கையிலிருந்து சுண்ணக்கட்டி விழுந்தது. குனிந்து எடுக்காமல் மாணவர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அது எந்த மொழியிலும் இல்லை. வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், மேடத்தின் வாய் ஒரு பக்கம் தொங்குவதைப் பார்த்து எழுந்து ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே டாக்டர்களுக்குச் சில நாள் பிடித்தது. வலது கையும் காலும் வலுவிழந்து கிடந்தன. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவளுக்குப் பெரும்பாலும் புரிகிறது, பதில் சொல்லும் சொற்கள்தான் கைக்கு எட்டவில்லை என்றார் டாக்டர். ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தது.

"அப்புறம்."

கண் விழித்ததும் அதைத்தான் சொன்னாள். தண்ணீர் வேண்டுமா என்றால், அப்புறம். வலிக்கிறதா என்றால், அப்புறம். இத்தனை சொற்கள் இருக்க, போயும் போயும் இந்தச் சொல் ஏன் தங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பல் டாக்டர் சீக்கிரமே ஒன்றைக் கண்டுபிடித்தார். இழுத்துச் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்று பொருள். வெடுக்கென்று சொன்னால் போதும், நிறுத்து. கடைசியில் குரல் ஏறினால், இது என்ன கூத்து. மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், என்னைக் கொஞ்ச நேரம் விடு.

அவளை மாடிக்கு அனுப்பவில்லை. கீழே சாப்பாட்டு அறையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டார்கள். அவள் மருத்துவமனையிலிருந்து வருவதற்கு முந்தின நாள் அண்ணி சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். காகிதங்களை எல்லாம் பெட்டியில் போட்டுத் துறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தை மறைக்க ஒரு நாட்காட்டி மாட்டினாள். அது போதவில்லை.

அண்ணியின் பேச்சும் மாறியது. ஒவ்வொரு சொல்லாக, இனிப்பாக, மெதுவாகப் பேசினாள். இப்போது நாம் சாப்பிடலாமா, இப்போது நாம் கொஞ்சம் படுக்கலாமா என்றாள். படிக்கிற காலத்திலிருந்து வாடி போடி என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். நாத்தனார் சற்று நேரம் அவளையே பார்ப்பாள். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் இளம்பெண் வந்தாள். சைக்கிளில் வருகிறவள், எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே நுழைவாள். படம் போட்ட அட்டைகளைக் கட்டிலில் பரப்புவாள். கோப்பை, சாவி, நாய், கடிகாரம். இது என்ன? நாத்தனாருக்கு அது கோப்பை என்று தெரியும். கோப்பையை எடுத்துக் குடிப்பது போல இடது கையால் காட்டினாள். வாயைத் திறந்தால் மட்டும், அப்புறம். ஒருநாள் அட்டைகளை வாரி எறிந்துவிட்டாள். பயிற்சிப் பெண் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கோபம் தெளிவாக வருகிறது, அதுவும் பேச்சில் சேர்த்திதான் என்றாள்.

போகும்போது வாசலில் நின்று அண்ணியிடம் ஒரு யோசனை சொன்னாள். சொற்கள் போனவர்கள் சிலருக்கு எண்களும் கணக்கும் போவதில்லை. உங்கள் இருவருடைய வேலையிலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிப் பாருங்களேன். அண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன வேகம் அவளுக்கே வியப்பாக இருந்தது.

பல் டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டார்.

"அதுவும் போயிருந்தா?" என்றாள் அண்ணி. "போயிருக்குன்னு அவளுக்குத் தெரியணுமா?"

"நீ பயப்படறது அவளுக்காகவா, உனக்காகவா?"

அண்ணி போய்ச் சுவரிலிருந்த நாட்காட்டியைச் சரிசெய்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

இதற்கிடையில் ஆய்விதழிலிருந்து நினைவூட்டல் வந்திருந்தது. நிலைத்தன்மைக் கணக்கை அண்ணி தானே எடுத்துச் செய்தாள். துறையில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் போட்டாள். அது அவளுடைய வேலை இல்லை. கட்டுகிறவளுக்கு இடிக்கக் கை வராது. இருந்தாலும் படித்த முறைப்படி செய்தாள். கணினி கடைசியில் கொடுத்த விடை தெளிவாக இருந்தது. எந்த அதிர்வும் பெருகவில்லை. எல்லாம் அடங்கின. துளை நிற்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எத்தனையோ பேர் வாழ்நாளெல்லாம் தேடியது. ஆனால் பேருந்தில் வீட்டுக்கு வரும்போது அண்ணிக்கு, கதவை யாரும் தட்டிப் பார்க்காமலே பூட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடலாம் என்று அச்சிட்ட தாள்களைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். மேஜையில் வைத்துவிட்டு, பால் காய்ச்சச் சமையலறைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது நாத்தனார் மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலிலிருந்து எழுந்து, ஊன்றுகோலைப் பிடித்து, தானாகவே வந்திருக்கிறாள். முதல் தாளை இடது கையால் திருப்பிக் கவிழ்த்து வைத்திருந்தாள். இரண்டாவதைப் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். ஓடிப்போய்த் தாள்களைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாத்தனாரின் கண்கள் வரிகளின் மேல் ஓடவில்லை. எழுத்துகளைத் தாண்டித் தாண்டிச் சமன்பாட்டிலிருந்து சமன்பாட்டுக்குப் போயின. ஒவ்வொன்றிலும் சற்றுத் தங்கின. மூன்றாவது தாளில் நின்றன. வெகுநேரம் நின்றன.

பிறகு மேஜையில் துழாவிப் பேனாவை எடுத்தாள். இடது கையில், குழந்தை பிடிப்பது போல முஷ்டியில் பிடித்து, ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டம் கோணலாகப் போய்ப் பக்கத்து வரியையும் தின்றது. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

நோய் வந்த பிறகு அந்தக் குரலை அண்ணி கேட்டதே இல்லை. கருத்தரங்கில் கையைக் கட்டிக்கொண்டு, பேசுகிறவனைத் தன் தாள்களைத் திரும்பப் புரட்ட வைக்கும் குரல் அது.

அண்ணி கிட்டே வந்து பார்த்தாள். வட்டத்துக்குள் இருந்தது ஒரு சாதாரண வரி. தட்டும்போது கழுத்து இருக்கும் இடத்தில் அசைவு சுழியம் என்று எடுத்துக்கொள்கிறோம் என்பது அது.

"அங்க சுழியம்னு வெக்கலேன்னா சமன்பாடு கையில நிக்காது," என்றாள் அண்ணி. "எகிறிடும். நெறைய பேர் அப்படித்தான் வெக்கறாங்க."

நாத்தனார் தலையை ஆட்டினாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தாள். அண்ணியின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் ஆக்கினாள். அந்த வளையத்தின் மேல் தன் இடது கையை வைத்து, வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்தாள். பிடித்தபடி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணியின் விரல்கள் அசையவில்லை. அசைய முடியாது.

பிறகு விட்டாள்.

விட்டதும் விரல்கள் தாமாகவே தளர்ந்து பிரிந்தன.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எது அசையுமோ அதையே அசையாதே என்று முதலிலேயே கட்டிப்போட்டிருக்கிறாள். மற்ற இடங்களை எல்லாம் தட்டிவிட்டு, நிற்கிறது நிற்கிறது என்று எழுதியிருக்கிறாள்.

"நானே இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆடலியேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள்.

நாத்தனார் சிரித்தாள். பாதி வாய்தான் சிரித்தது, ஆனால் சத்தமான சிரிப்பு. அண்ணிக்கு அழுகை வந்தது. கணக்கு தப்பானதற்கு இல்லை. அவள் இத்தனை நாளாக எங்கேயும் போகாமல் அந்தக் கட்டிலில்தான் இருந்திருக்கிறாள், நான்தான் அவள் கண்ணில் படாமல் பலகையைக் கழற்றி வைத்தேன் என்று நினைத்து அழுதாள். சத்தம் கேட்டுப் பல் டாக்டர் கையில் துண்டோடு குளியலறையிலிருந்து வந்தார். ஒருத்தி அழுகிறாள், ஒருத்தி சிரிக்கிறாள், சமையலறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துகொண்டிருக்கிறது. எதை முதலில் கவனிப்பது என்று தெரியாமல் அடுப்பை அணைக்கப் போனார்.

மறுநாள் பலகை சுவரில் ஏறியது. நாட்காட்டி சமையலறைக்குப் போனது. அண்ணி பெட்டிகளைத் துறையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாத்தனாரால் உட்கார முடியவில்லை. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு எழுத்துகளைக் குழப்பிக்கொண்டாள். எந்த வரியில் இருந்தோம் என்பதை மறந்து, பேனாவை மேஜையில் குத்திக்கொண்டு அழுத நாட்களும் உண்டு. அண்ணியோ அவள் காட்டியதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு பகல் முழுக்க வேறு திசையில் போய்விடுவாள். நாத்தனார் அப்புறம், அப்புறம் என்று குரலை ஏற்றிக்கொண்டே இருப்பாள். கடைசியில் ஊன்றுகோலால் பலகையின் மேல் ஒரு போடு போடுவாள். அண்ணி அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள்.

கழுத்தில் சமன்பாடு எகிறாமல் இருக்க மாறிகளை வேறு விதமாக எழுத வேண்டியிருந்தது. அதற்கான வழி நாத்தனாருக்கு நினைவிருந்தது. வாயால் சொல்ல முடியாததால், இடது கையால், கோழி கிளறிய மாதிரி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்ததும் நெற்றி வியர்த்திருந்தது. பயிற்சிப் பெண் அட்டைகளைப் பையிலேயே வைத்துக்கொண்டு அன்று ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் போகவும் மனம் வரவில்லை என்று போகும்போது சொன்னாள்.

கழுத்தைப் பிடித்த கையை எடுத்துவிட்டுத் தட்டிப் பார்த்தபோது, துளை விழுந்தது. ஒரே ஓர் அதிர்வு மட்டும் அடங்காமல் பெருகியது. அது ஒன்றே போதும்.

அண்ணி விடையைப் பலகையில் எழுதிவிட்டுப் பேனாவுக்கு மூடி போட்டாள். "விழுந்துடுச்சு," என்றாள். இத்தனை நாள் கட்டியதையெல்லாம் பார்த்தபடி பலகைக்கு முன்னாலேயே நின்றாள். நாத்தனார் அவள் முதுகில் கையை வைத்தாள். மெதுவாக, மிக மெதுவாக, அப்புறம் என்றாள். அந்தத் தொனி பல் டாக்டரின் அட்டவணையிலேயே இல்லை. அழாதே என்று அண்ணி அதை எடுத்துக்கொண்டாள்.

ஆனால் நாத்தனார் அதோடு விடவில்லை. காபி குடித்துவிட்டு வந்து, பலகையில் ஈர்ப்பு விதியில் சேர்த்த அந்தக் கூடுதல் உறுப்பின் அளவைக் காட்டும் எழுத்தைத் தொட்டாள். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள்.

விழுகிறது, சரி. எவ்வளவு வேகமாக விழுகிறது?

அது அண்ணிக்குத் தோன்றவே இல்லை. கட்டுகிறவளுக்கு நிற்கிறது, விழுகிறது என்ற இரண்டுதான். இடிக்கிறவளுக்கு மட்டும்தான் விழுவதிலும் விதங்கள் உண்டு என்று தெரியும். அந்த உறுப்பின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பெரும்பாலான அளவுகளில் ஒளி பாதி வழி போவதற்குள் கழுத்து மூடியது. ஒரு குறுகிய இடைவெளியில் மட்டும் அது தயங்கித் தயங்கி மூடியது. அந்த நேரத்துக்குள் ஒளி மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். ஒளியைவிடச் சற்று மெதுவாகப் போகிற ஒன்றும் போய்ச் சேர்ந்துவிடும். என்றைக்கும் திறந்திருக்கிற வழி இல்லை அது. ஆனால் ஒருமுறை கடக்கலாம்.

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி இதைக் கணவனுக்கு விளக்கினாள். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"அதாவது நான் போடற தற்காலிக அடைப்பு மாதிரி. நிரந்தரம் கிடையாது, ஆனா காரியம் ஆயிடும்."

நாத்தனார் தட்டிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்து அவர் மேல் எறிந்தாள். இடது கை நன்றாகக் குறி பார்க்கப் பழகியிருந்தது.

கட்டுரையைத் திருத்தி அனுப்பினார்கள். நிலையானது என்று எழுதவில்லை. விழும், ஆனால் இந்த அளவுகளில் மெதுவாக விழும் என்று உள்ளது உள்ளபடி எழுதினார்கள். நிபுணர் அதை ஏற்றுக்கொண்டார். முன்பு எழுதியதைவிட இதில் உயிர் இருக்கிறது என்று ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார். அண்ணி அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். நாத்தனார் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

துறையில் அதைப் பற்றி அண்ணி பேசிய நாளில் நாத்தனாரும் போனாள். முன்வரிசையில், ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேச்சு முடிந்ததும் பக்கத்து அறைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர், ஆனால் சங்கடப்படுகிறவர். நாத்தனாரின் தலைக்கு மேலாக அண்ணியைப் பார்த்து, இவங்க இப்ப எப்படி இருக்காங்க என்று கேட்டார்.

"அவங்களையே கேளுங்க," என்றாள் அண்ணி.

அவர் குனிந்து கேட்டார். நாத்தனார் அவர் முகத்தைப் பார்த்து, அன்பாக, இழுத்து, "அப்புறம்?" என்றாள். அவ்வளவுதான். மனிதர் தன் மகளின் படிப்பு, மனைவியின் முதுகுவலி, வீடு மாற்றிய கதை எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டார். நடுநடுவே அவள் இன்னொருமுறை அதையே சொன்னால் போதும், அடுத்த கதை வந்தது. இவ்வளவு நன்றாகப் பேசி வெகுநாளாயிற்று என்று சொல்லி அவர் விடைபெற்றபோது, அண்ணி சிரிப்பை அடக்கப் பலகையைத் துடைப்பது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. எதிர்பார்த்த வரிசையில் வரவில்லை. முதலில் வந்தது 'வேணாம்'. பிறகு 'அண்ணா'. பிறகு யாரும் கேட்காமலே 'சாவி'. பயிற்சிப் பெண் அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்து அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் காலை துறைத்தலைவரிடமிருந்து அண்ணிக்குத் தொலைபேசி வந்தது. அடுத்த பருவத்தில் நாத்தனாருக்கு வகுப்பு ஏதாவது போடலாமா, இல்லை விடுப்பை நீட்டிக்கலாமா என்று கேட்டார். விடுப்பையே நீட்டித்துவிடுங்கள், அவளுக்கு இன்னும் முடியாது என்று அண்ணி சொன்னாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினால் நாத்தனார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

அவள் முகம் சிவந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. அண்ணி அவசரப்பட்டு, சோர்ந்து போய்விடுவாய் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று ஆரம்பித்தாள். நாத்தனார் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டினாள்.

"நான்," என்றாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். "நான்... சொல்றேன்."

அண்ணி அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. "என்னத்தச் சொல்லுவ?" என்று கேட்டுவிட்டாள். "நாப்பது பேர் முன்னாடி போய் நின்னு என்ன பண்ணுவ? நீ கஷ்டப்படறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" இனிப்பும் நிதானமும் போய்ப் பழைய குரல் வந்திருந்தது.

"பாக்காத," என்றாள் நாத்தனார். போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

மத்தியானம் பல் டாக்டர் சாப்பிட வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. அண்ணி மேஜையில் கையைக் கன்னத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"சண்டை," என்றாள்.

அவர் மூடிய கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மூன்று தட்டுகளை எடுத்து வைத்தார். சண்டைக்கு இரண்டு பேர் பேசியாக வேண்டுமே என்ற சந்தோஷத்தில் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே வைத்தார். அண்ணி அவரை முறைத்தாள். அவருக்கு அது உறைக்கவே இல்லை.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. கோபம் எத்தனை பெரிதானாலும் நாத்தனாருக்குப் பசி தாங்காது. வந்து உட்கார்ந்தாள். அண்ணியைப் பார்க்காமல் சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் தண்ணீர்க் குவளையை அண்ணியின் பக்கம் நகர்த்தி வைத்தாள். அண்ணி குடித்தாள்.

தட்டுகளை எடுத்த பிறகு, அண்ணி தொலைபேசியை எடுத்துத் துறைத்தலைவரின் எண்ணைப் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியதும் அதை நாத்தனாரின் இடது கையில் கொடுத்தாள். நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். நாத்தனார் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, முதல் சொல்லைத் தேடினாள்.

அண்ணிக்கு அங்கேயே நின்று அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. கணவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கழுவ வேண்டிய பாத்திரம் அதிகமில்லை. இருந்தாலும், ஒரு சொல்லும் காதில் விழாதபடி குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள்.